இஞ்சி டீயில் பால் ஏன் திரிகிறது? அப்புறம் இளசு, முற்றல், சுக்கு: எதை எதற்குப் போடுவது?

புதுக்குடித்தனம் | சனி, காலை 9:10

எல்லோருக்கும் வணக்கம். சின்னச் சந்தேகம்தான், ஆனால் இரண்டு வாரமாக மண்டையைக் குடைகிறது. ஊரிலிருந்து மாமாவும் அத்தையும் வந்து எங்களோடு இருக்கிறார்கள். மாமாவுக்குக் காலையில் இஞ்சி டீ இல்லாமல் ஆகாது. நான் பாக்கெட் பாலைப் பாத்திரத்தில் ஊற்றி, ஒரு துண்டு இஞ்சியை நசுக்கி அதிலேயே போட்டு, சிறு தீயில் வைப்பேன். பால் சூடேறும்போதே ஓரத்தில் ரவை ரவையாக வெள்ளை ஒதுங்குகிறது. கொதி வருவதற்குள் கட்டி வேறு, தண்ணீர் வேறு. அதே பாக்கெட்டில் மிச்சமிருக்கும் பாலில் காபி போட்டால் ஒன்றும் ஆவதில்லை.

"பால் சரியில்லை, பால்காரரை மாற்று" என்கிறார் அத்தை. அம்மாவோ "இஞ்சியைக் கடைசியில் போடு" என்கிறார். கடைசியில் போட்டால் மணம் வருகிறது, காரம் இறங்க மாட்டேன் என்கிறது.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். அம்மா அரைக்கும் இஞ்சித் துவையல் வெண்ணெய் மாதிரி இருக்கும். நான் அரைத்தால் நார் நாராக வருகிறது, நாக்கும் எரிகிறது. இரண்டுக்கும் காரணம் என்ன?

கீழக்கரைக்காரன் | சனி, காலை 9:32

தங்கச்சி, பால்காரரை மாற்ற வேண்டாம். முதலில் வெறும் தண்ணீரில் இஞ்சியைத் தட்டிப் போட்டு மூன்று, நான்கு நிமிடம் தளதளவென்று கொதிக்க விடுங்கள். தூள் போடுங்கள். அதற்கப்புறம் பால். எங்கள் தெருமுனைக் கடையில் நாள் முழுக்க இப்படித்தான் போடுகிறார்கள், ஒரு நாளும் திரிந்ததில்லை. காரமும் நன்றாக இறங்கும்.

தஞ்சை வாத்தியார் | சனி, காலை 11:05

மேலே சொன்னது சரியான வழி. அது ஏன் சரி என்று தெரிந்துவிட்டால் மற்ற சந்தேகங்களும் தீரும் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். முப்பது வருஷம் வேதியியல் நடத்தியவன், பொறுத்துக்கொள்ளுங்கள் அம்மா.

பச்சை இஞ்சியில் ஜிஞ்சிபெயின் என்று ஒரு நொதி இருக்கிறது. புரதத்தை வெட்டுவது அதன் வேலை. பப்பாளிக்காயின் பாலில் இருப்பதும் அன்னாசியில் இருப்பதும் இதற்கு உறவுக்காரர்களே. பாலில் கேசின் என்ற புரதம் சின்னச் சின்ன உருண்டைகளாக மிதக்கிறது. அந்த உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காப்பது அவற்றின் மேல்பரப்பில் இருக்கும் ஒரு பகுதி. நொதி அதை வெட்டிவிட்டால் எல்லாம் ஒட்டிக்கொண்டு கட்டியாகிவிடும். பாலாடைக் கட்டி செய்பவர்கள் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த நொதியைப் போடுவதும் இதற்காகத்தான்.

ஜிஞ்சிபெயின் மும்முரமாக வேலை செய்வது ஏறக்குறைய 60 டிகிரி சூட்டில். கொதிக்கும் சூட்டில் செத்துவிடும். நீங்கள் என்ன செய்கிறீர்கள்? ஆறிய பாலில் இஞ்சியைப் போட்டுச் சிறு தீயில் வைக்கிறீர்கள். பால் மெதுவாக 50, 60, 70 என்று ஏறுகிறது. அந்த நொதிக்கு இதைவிட வசதியான இடமே கிடையாது! தண்ணீரில் முதலில் கொதிக்க வைத்தால் நொதி அங்கேயே அடங்கிவிடுகிறது, பாலுக்கு ஆபத்தில்லை. பால் கொஞ்சம் பழையதாக இருந்தால் அதன் புளிப்பும் சேர்ந்துகொண்டு இன்னும் சீக்கிரம் திரியும். அந்த அளவுக்கு உங்கள் அத்தை சொல்வதிலும் நியாயம் உண்டு.

இதையே வேண்டுமென்று செய்கிற ஊரும் இருக்கிறது. தெற்குச் சீனாவில் குவாங்சோ பக்கம் ஷாவான் என்ற ஊர். கிண்ணத்தில் பச்சை இஞ்சிச் சாறு கொஞ்சம் விட்டு, சர்க்கரை போட்ட சூடான பாலைச் சற்றே ஆறவிட்டு உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். ஊற்றிய பிறகு கலக்கக் கூடாது, கிண்ணத்தை அசைக்கக் கூடாது. சில நிமிடங்களில் மேலே ஒரு கரண்டி வைத்தால் தாங்குகிற அளவுக்கு உறைந்துவிடும். உங்கள் டீயைக் கெடுத்த அதே நொதிதான் அங்கே இனிப்புப் பண்டம் செய்கிறது.

புதுக்குடித்தனம் | சனி, மதியம் 12:20

ஐயா, மிக்க நன்றி. இப்படி ஒரு காரணம் இருக்கும் என்று நினைக்கவே இல்லை. அத்தையிடம் படித்துக் காட்டினேன், "பழைய பாலும் காரணம்" என்ற வரியை இரண்டு முறை படிக்கச் சொன்னார். நாளைக் காலையில் செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன். துவையலுக்கும் யாராவது வழி சொல்லுங்கள்.

சமையல்கட்டு | சனி, மாலை 4:45

கண்ணு, துவையலுக்கு நான் சொல்கிறேன். தப்பு உன் கையில் இல்லை, நீ வாங்கின இஞ்சியில் இருக்கிறது. கடையில் வெளிறிப்போய்க் கெட்டித் தோலோடு குவித்திருப்பார்களே, அது முற்றல். குழம்புக்கும் கஷாயத்துக்கும் அதுதான் வேண்டும். துவையலுக்கும் பச்சடிக்கும் ஆகாது. இளசு என்றால் தோல் மெல்லியதாக, நகத்தால் சுரண்டினாலே உரிந்து வரும். கணுவில் லேசாக இளஞ்சிவப்பு ஓடியிருக்கும். ஒடித்தால் சட்டென்று முறியும், ஒரு நார்கூட இழுக்காது. கடையில் நின்று ஒரு விரலை ஒடித்துப் பார்த்தே வாங்கு.

முற்றல்தான் கிடைத்தது என்றால் அதற்கும் வழி உண்டு. தோலைக் கத்தியால் சீவாதே, பாதி இஞ்சி தோலோடு போய்விடும். ஸ்பூனின் விளிம்பால் சுரண்டு. நார் நீளவாக்கில்தான் ஓடும். நீளமாக நறுக்கினால் அந்த நார் அப்படியே மிக்ஸியில் சுற்றிக்கொள்ளும். குறுக்கே, காசு காசாக, வில்லைகளாக அரிந்துகொள். நல்லெண்ணெயில் வதக்கு. அவசரப்படாதே. முதலில் மூக்கில் ஏறுகிற மாதிரி ஒரு காட்டம் வரும். அது அடங்கி, ஓரம் பொன்னிறமாகி, வாசனை இனிப்பாக மாறும் பார், அப்போது இறக்கு. பச்சையாக அரைத்துவிட்டு நாக்கு எரிகிறது என்றால் எரியத்தானே செய்யும்?

அதே எண்ணெயில் உளுத்தம்பருப்பு, வற்றல் மிளகாய், கொஞ்சம் பெருங்காயம். நெல்லிக்காய் அளவு புளி. மிளகாயைக் குறைத்தே போடு, இஞ்சிக்கே காரம் உண்டு. கடைசியில் சுண்டைக்காய் அளவு வெல்லம். வெல்லத்தை விட்டுவிடாதே, இஞ்சி, புளி இரண்டையும் சேர்த்துக் கட்டுவது அதுதான். தயிர் சாதத்துக்கு வைத்துச் சாப்பிட்டுப் பார்.

தஞ்சை வாத்தியார் | சனி, மாலை 6:10

சமையல்கட்டு அம்மா சொன்ன "காட்டம் அடங்கி இனிப்பாக மாறும்" என்பது அப்படியே வேதியியல். பச்சை இஞ்சியின் காரத்துக்குக் காரணம் ஜிஞ்சரால். சூடு படப்பட அதில் ஒரு பகுதி உடைந்து ஜிஞ்சரோன் ஆகிறது. ஜிஞ்சரோனுக்குக் காரம் மிகக் குறைவு, இனிப்பு கலந்த மணம். இஞ்சியைக் காய வைத்தாலோ கதை வேறு பக்கம் போகிறது. ஜிஞ்சராலிலிருந்து தண்ணீர் மூலக்கூறு ஒன்று கழன்று ஷோகால் உண்டாகிறது. இதற்குக் காரம் ஜிஞ்சராலைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ஷோகா என்றால் ஜப்பானிய மொழியில் இஞ்சி, அதனால்தான் அந்தப் பெயர்.

ஆக, பச்சை இஞ்சி ஒரு சரக்கு, வதக்கிய இஞ்சி ஒரு சரக்கு, சுக்கு ஒரு சரக்கு. நம் முன்னோர் பச்சையானதற்கு இஞ்சி என்றும் காய்ந்ததற்குச் சுக்கு என்றும் ஒட்டே இல்லாத இரண்டு பெயர் வைத்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். நாக்கில் வித்தியாசம் தெரிந்திருக்கிறது, அதனால் பெயரும் வித்தியாசமாக வைத்திருக்கிறார்கள். சுக்குக் காபியில் சுக்குக்குப் பதிலாகப் பச்சை இஞ்சியைத் தட்டிப் போட்டால் அது சுக்குக் காபி ஆகாது. பானகத்திலும் காஞ்சிபுரம் இட்லியிலும் அப்படியே.

பந்தலூர் தோட்டம் | சனி, இரவு 8:50

நான் நீலகிரி மாவட்டத்தில், வயநாட்டை ஒட்டி இருக்கிறேன். அப்பா காலத்திலிருந்து இஞ்சி போடுகிறோம். இளசு, முற்றல் என்று பேச்சு வந்ததால் தோட்டத்துப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

இரண்டும் வேறு ரகம் என்று டவுனில் பலர் நினைக்கிறார்கள். ஒரே செடிதான். நட்டு ஆறு மாதத்தில் தோண்டினால் இளசு. எட்டு, ஒன்பது மாதம் விட்டு, இலை மஞ்சளாகித் தண்டு சாய்ந்த பிறகு தோண்டினால் முற்றல். சுக்குக்கும் விதைக்கும் முற்றல்தான். ரகம் என்று பார்த்தால் அதிலும் வித்தியாசம் உண்டு. மாரன், வயநாடன், ரியோ டி ஜெனிரோ எல்லாம் எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள். கோழிக்கோட்டு நறுமணப் பயிர் ஆராய்ச்சி நிலையம் கொடுத்த வரதா, ரஜதா, மகிமாவும் இருக்கின்றன. ரியோ பச்சையாக விற்க ஏற்றது, தண்ணீர்ச் சத்து அதிகம். காய்ந்தால் எடை நிற்காது. மாரன் சுக்குக்கு நல்லது.

சுக்கு வீட்டிலேயே செய்யலாம். முற்றிய இஞ்சியை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, மண் போகத் தேய்த்துக் கழுவ வேண்டும். மறுநாள் மூங்கில் சிம்பைக் கூராக்கி அதால் மேல்தோலை மட்டும் சுரண்ட வேண்டும். இரும்புக் கத்தி பட்டால் கறுத்துவிடும். ஆழமாகவும் சுரண்டக் கூடாது, ஏனென்றால் மணம் தருகிற எண்ணெய் தோலுக்கு அடியிலேயே இருக்கிறது. அப்புறம் ஒரு வாரம், பத்து நாள் நல்ல வெயில். ஒரு கிலோ பச்சை இஞ்சிக்கு 200 கிராம் சுக்கு தேறினால் அதிகம். கையில் எடுத்து ஒடித்தால் டக்கென்று சத்தம் வர வேண்டும். வளைந்தால் இன்னும் காயவில்லை, பூஞ்சை பிடிக்கும். கடையில் வெள்ளையாகத் தூள் அப்பியது போல இருக்கும் சுக்கைச் சுண்ணாம்புத் தண்ணீரில் முக்கி எடுத்திருப்பார்கள். நான் அதை வாங்கச் சொல்ல மாட்டேன்.

சொல்தேடி | சனி, இரவு 10:15

வாத்தியார் ஐயா பெயரைப் பற்றிச் சொன்னதால் கேட்கிறேன். ஆங்கிலத்தில் ஜிஞ்சர் என்பதே நம் இஞ்சியிலிருந்துதான் போனது என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி வருகிறது. இது உண்மையா? சமஸ்கிருதத்தில் சிருங்கவேரம் என்று இருக்கிறதே, கொம்பு போன்ற உடல் என்று பொருள் சொல்கிறார்களே?

தஞ்சை வாத்தியார் | ஞாயிறு, காலை 6:40

தம்பி, வாட்ஸ்அப்பில் வருவதில் இது உண்மையான ஒன்று. ஆனால் நேரடியாகப் போகவில்லை, பல கை மாறிப் போயிருக்கிறது. இஞ்சி, வேர் இரண்டும் சேர்ந்த இஞ்சிவேர் என்ற திராவிடச் சொல்தான் மூலம் என்பது மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டது. முதலில் சகரத்தோடு தொடங்கிய பல சொற்கள் தமிழில் அந்தச் சகரத்தை இழந்திருக்கின்றன, இஞ்சியும் அப்படி ஒன்று. சகரம் இருந்த பழைய வடிவம் பாலி மொழியில் சிங்கிவேரம் ஆகி, கிரேக்கத்தில் ஜிங்கிபெரிஸ் ஆகி, லத்தீன் வழியாக ஐரோப்பா முழுக்கப் பரவியது. சிருங்கம் என்றால் கொம்பு. கேட்ட சொல்லுக்குத் தங்கள் மொழியில் ஒரு பொருள் பொருத்திப் பார்ப்பது எல்லா மொழியிலும் நடப்பது, இஞ்சியின் கிளைகள் மான்கொம்பு போல இருப்பதால் அது அழகாகப் பொருந்திவிட்டது.

நம் பழைய இலக்கியத்தில் மதுரைக்காஞ்சி மலைநாட்டு விளைச்சலைச் சொல்லும்போது "இஞ்சி மஞ்சள் பைங்கறி" என்கிறது. பைங்கறி என்றால் பச்சை மிளகு. மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறார்கள். பழந்தமிழில் இஞ்சி என்றால் கோட்டை மதில் என்றும் பொருள் உண்டு, அந்தச் சொல் வேறு.

ஒரு திருத்தம் மட்டும். பெயரில் வேர் இருந்தாலும் இஞ்சி வேர் அல்ல, தரைக்கடியில் படுத்து வளரும் தண்டு. அதனால்தான் அதில் கணுவும் முளையும் இருக்கின்றன.

பந்தலூர் தோட்டம் | ஞாயிறு, காலை 7:15

ஐயா, அதோடு இன்னொன்று. இஞ்சிக்கு விதை கிடையாது. எப்போதாவது பூக்கும், காய்க்காது. காட்டில் தானாக வளர்கிற இஞ்சியை யாரும் பார்த்ததில்லை. முளையுள்ள துண்டை யாரோ ஒருவர் எடுத்து வைத்து மறுபடி நட்டால்தான் அடுத்த வருஷம் இஞ்சி. பல ஆயிரம் வருஷமாக இப்படிக் கைக்குக் கை வந்த செடி இது. நானும் என் அப்பா வைத்திருந்த விதைத் துண்டின் வழி வந்ததைத்தான் நடுகிறேன்.

கீழக்கரைக்காரன் | ஞாயிறு, காலை 9:00

சுப்ஹானல்லாஹ், எவ்வளவு விஷயம்! அரபியில் ஸன்ஜபீல் என்பார்கள். சொர்க்கத்தில் கிடைக்கும் பானத்தில் ஸன்ஜபீல் கலந்திருக்கும் என்று குர்ஆனில் வருகிறது. அதுவும் இதே சொல்லின் வழிதான் என்று இப்போதுதான் விளங்குகிறது.

எனக்குப் பிரியாணி பற்றிச் சொல்ல வேண்டும். இஞ்சியையும் பூண்டையும் சரிக்குச் சரி போட்டுச் சேர்த்து அரைத்துப் பாட்டிலில் வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் அதையே போடுகிறார்கள். எங்கள் உம்மா இரண்டையும் தனித்தனியாகத்தான் அரைப்பார். பூண்டு இரண்டு பங்கு என்றால் இஞ்சி ஒரு பங்கு. பூண்டு விழுது முதலில், அது பச்சை வாசம் போனதும் இஞ்சி. இஞ்சியில் மாவுச் சத்து இருப்பதால் சட்டியில் சீக்கிரம் அடிப்பிடிக்கும். அடிப்பிடித்த இஞ்சி கசக்கும், அந்தக் கசப்பைப் பிறகு எதைப் போட்டாலும் எடுக்க முடியாது. நோன்புக் கஞ்சிக்கும் இதே முறைதான்.

வாத்தியார் ஐயா, கறியை ஊறவைக்கும்போது இஞ்சிச் சாறு சேர்த்தால் மெத்தென்று வேகிறதே, அதுவும் அந்த நொதியா?

தஞ்சை வாத்தியார் | ஞாயிறு, காலை 9:40

அதேதான் தம்பி. ஆட்டுக்கறிக்கு அரை மணி, ஒரு மணி நேரம் போதும். ராத்திரி முழுக்கப் பச்சை இஞ்சிச் சாற்றில் வைத்தால் மேல்பக்கம் கொழகொழத்துவிடும். கடை விழுதில் இந்தப் பலனை எதிர்பார்க்காதீர்கள். கெடாமல் இருக்கச் சூடு காட்டியிருந்தால் நொதி போயிருக்கும்.

பினாங்கு மழை | ஞாயிறு, காலை 10:30

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். இங்கே கடைகளில் தே ஹாலியா என்று கேட்டால் இஞ்சி டீ வரும், ஆற்றி நுரை கட்டிக் கொடுப்பார்கள். கெட்டிப் பால் டின்தான் ஊற்றுவார்கள். அதனால் திரிகிற பிரச்சினையை நான் பார்த்ததே இல்லை. காரமாக, இனிப்பாக, மழை நாளில் அதற்கு ஈடு இல்லை.

சமையல்கட்டு | ஞாயிறு, காலை 11:20

வாத்தியார் ஐயாவிடம் ஒன்று கேட்கணும். எங்கள் வீட்டில் இஞ்சிச் சாறு எடுத்தால் கால் மணி நேரம் அசையாமல் வைப்போம். அடியில் வெள்ளையாக ஒரு வண்டல் படியும். அது நஞ்சு, தெளிவை மட்டும் எடுக்கணும் என்று என் மாமியார் சொல்வார். சுக்குக்குத் தோல் நஞ்சு, கடுக்காய்க்குக் கொட்டை நஞ்சு என்றும் பழமொழி இருக்கிறதே. உங்கள் படிப்பு என்ன சொல்கிறது?

தஞ்சை வாத்தியார் | ஞாயிறு, மதியம் 1:15

அம்மா, பெரியவர்கள் சொன்னதை மறுக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்த வண்டல் பெரும்பாலும் மாவுச் சத்து. அரிசி களைந்த தண்ணீரில் படிவது போல. சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது. தோலும் விஷமில்லை, ஆனால் கணு இடுக்கில் மண்ணும் பூஞ்சையும் தங்கும் இடம் அதுதான். அதனால் நீக்குவது நல்லதே.

சமையல்கட்டு | ஞாயிறு, மதியம் 2:05

சரி ஐயா, நஞ்சு இல்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனாலும் நான் தெளிய வைத்துத்தான் எடுப்பேன். வண்டலோடு இஞ்சி மொரப்பா கிண்டிப் பாருங்கள், பாகு கம்பிப் பதம் வருவதற்கு முன்பே கொழகொழவென்று கெட்டியாகிவிடும். தட்டில் கொட்டினால் துண்டு போட வராது, பிசுபிசுக்கும். தேனில் கலந்து குடித்தாலும் தெளிவு தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கும், வண்டல் கரகரக்கும்.

தஞ்சை வாத்தியார் | ஞாயிறு, மதியம் 2:30

இதை முழு மனதோடு ஏற்றுக்கொள்கிறேன். மாவு வெந்தால் கஞ்சியாகும், பாகு கெடும். காரணம்தான் வேறே தவிர உங்கள் மாமியார் சொன்ன செய்முறை சரி.

இன்னொன்று, மருந்தென்று நினைத்து அளவில்லாமல் குடிப்பவர்களுக்காக. சமையலில் போடுகிற அளவு யாருக்கும் பயமில்லை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் தினமும் சாறாகக் குடிப்பதென்றால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பந்தலூர் தோட்டம் | ஞாயிறு, இரவு 8:10

விலை பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் எழுதத் தோன்றுகிறது. 2023இல் கடையில் இஞ்சி கிலோ 200 ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும். அதைப் பார்த்து எங்கள் பக்கத்து ஆட்கள் கர்நாடகாவில் குத்தகைக்கு நிலம் பிடித்து நட்டார்கள். பிறகு விலை இறங்கியது. எங்களுக்கு வியாபாரம் 60 கிலோ மூட்டைக் கணக்கு. நட்ட செலவுகூடத் தேறாத மூட்டைகளை நான் ஏற்றி அனுப்பியிருக்கிறேன்.

விலையைவிடப் பெரிய பயம் அழுகல். ஆடி மாதம் மழை விடாமல் அடித்தால் பாத்தியில் ஒரு மூலையில் இலை நுனி மஞ்சளாகும். தண்டைப் பிடித்து இழுத்தால் எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்துவிடும், அடியில் நாறும். ஒரு வருஷம் அப்படி முக்கால் தோட்டம் போனது. அன்றைக்கு அப்பா பாத்தியை விட்டு எழுந்திருக்கவே இல்லை, கையில் அந்தத் தண்டை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "இஞ்சி லாபம் மஞ்சளிலே" என்ற பழமொழி எங்கள் வீட்டில் கணக்கு நோட்டில் எழுதின மாதிரி நடந்தது. இப்போது ஒரே நிலத்தில் அடுத்தடுத்துப் போடுவதில்லை. வாய்க்காலை ஆழமாக வெட்டி, பாத்தியை உயர்த்தி, பச்சிலையால் மூடாக்குப் போடுகிறேன்.

கடையில் இஞ்சி வாங்கும்போது கைக்குக் கொஞ்சம் கனமாக இருக்கிறதா பாருங்கள். சுருங்கி லேசாக இருந்தால் பழசு. தண்ணீரில் கழுவிப் பளபளவென்று வைத்திருப்பதைவிட மண் ஒட்டிய இஞ்சி அதிக நாள் தாங்கும்.

புதுக்குடித்தனம் | திங்கள், காலை 8:25

எல்லோருக்கும் பதில் எழுத வேண்டும் என்று நேற்றே நினைத்தேன். செய்து பார்க்காமல் எழுதக் கூடாது என்று இருந்தேன்.

மூன்று டம்ளர் வைத்துப் பார்த்தேன். ஒரே பாக்கெட் பால், ஒரே இஞ்சி. முதலாவதில் ஆறிய பாலில் இஞ்சியைப் போட்டுச் சிறு தீ. வழக்கம்போலத் திரிந்தது. இரண்டாவதில் பால் பொங்கி வரும்போது இஞ்சி. திரியவில்லை, ஆனால் காரம் மேலோட்டமாக இருந்தது. மூன்றாவதில் தண்ணீரில் நான்கு நிமிடம் கொதிக்கவிட்டு, தூள் போட்டு, பிறகு பால். மாமா ஒரு வாய் குடித்துவிட்டு எதுவும் சொல்லவில்லை, டம்ளரை மட்டும் நீட்டினார், இன்னொன்று வேண்டுமென்று. அத்தை மூன்று டம்ளரையும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பால்காரர் தப்பித்தார்.

துவையலும் செய்தேன். ஒடித்துப் பார்த்து வாங்கியதில் கடைக்காரருக்குக் கொஞ்சம் வருத்தம், ஆனால் இளசு கிடைத்தது. வெல்லத்தை விடவில்லை. அம்மாவுடையதுபோல வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். பக்கத்தில் வந்துவிட்டது.

பந்தலூர் அண்ணா, உங்களிடம் ஒன்று. கூடையில் மறந்துபோன ஒரு துண்டில் பச்சையாக முளை வந்திருக்கிறது. சென்னையில் மாடியில் தொட்டி இருக்கிறது. நட்டால் வருமா?

பந்தலூர் தோட்டம் | திங்கள், இரவு 9:05

வரும்மா. சித்திரை, வைகாசிதான் நல்ல பருவம். முளை இருக்கிற பக்கமாக 25 கிராம் அளவுக்கு ஒரு துண்டை வெட்டி, வெட்டுவாயில் சாம்பல் தடவி ஒரு நாள் நிழலில் காய விடுங்கள். தொட்டி ஆழத்தைவிட அகலம் முக்கியம், இஞ்சி பக்கவாட்டில்தான் படரும். மண், மணல், மட்கிய எரு மூன்றும் கலந்து, முளை மேலே பார்க்க இரண்டு அங்குல ஆழத்தில் வையுங்கள். அடியில் தண்ணீர் வடிய ஓட்டை கட்டாயம் இருக்க வேண்டும். சென்னை வெயிலில் மதியத்துக்கு மேல் நிழல் விழுகிற இடமாகப் பாருங்கள். மேலே காய்ந்த இலையைப் பரப்பிவிடுங்கள். முளை மண்ணுக்கு மேலே வர மூன்று வாரத்துக்கு மேல்கூட ஆகலாம், அதற்குள் தோண்டிப் பார்க்க வேண்டாம். ஆறாவது மாதம் ஓரத்தில் மண்ணை விலக்கி, துவையலுக்கு வேண்டிய இளசை மட்டும் ஒடித்துக்கொண்டு மறுபடி மூடிவிடுங்கள். மிச்சம் தைப் பொங்கலுக்குப் பானையில் கட்ட ஆகும், இலையோடு.